முட்டாத மூச்சு

அன்று காலை வடக்குவீட்டு நடுக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு உடையவளும் சாட்சிக் குழலுக்குப் பொறுப்பாளியுமான உலகம்மாள், அவள் தம்பி திரவியம், காலஞ்சென்ற பிரமநாயகம் பிள்ளையின் ஒரே மகள் செண்பகவடிவு, பிள்ளையின் தங்கை மகன் ஆறுமுகநயினார், நீதிமன்றம் அனுப்பிய ஒலிப் பரிசோதகர் ஜெபக்கனி. வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

எல்லோருடைய போன்களும் வாசலில் ஒரு பித்தளை அண்டாவுக்குள் கிடந்தன. விசிறி நின்றிருந்தது. மின்சாரத்தின் வாடையே இருக்கக்கூடாது என்பது விதி. நடுவில், தேக்கு மேசைமேல், ஊமத்தம்பூவைப் போல வாயை விரித்துக்கொண்டு ஊர் சாட்சிக் குழல் என்று சொல்லும் அந்த ஃபோனோகிராஃப், அந்தக் காலத்துப் பாட்டுப்பெட்டி, உட்கார்ந்திருந்தது. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டு ஏலத்தில் உலகம்மாளின் தாத்தா எடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அது. அவள் அப்பா அதோடு நிறுத்தவில்லை. திருச்சூர், பம்பாய் என்று அலைந்து குழல்களும், ஊசி டப்பாக்களும், உருளை வைக்கும் அட்டைக் குவளைகளும், கடைகளில் தொங்கிய தகர விளம்பரங்களும் வாங்கி வீட்டை நிறைத்தார். பாளையங்கோட்டையே சிரித்தது. ‘ஓட்டைக்குழாய்ப் பிள்ளை’ என்று பெயர் வைத்தது. அந்த வீட்டில் யாரும் அதற்காகத் தலைகுனிந்ததில்லை.

பிறகு காலம் புரண்டது. எவன் குரலையும் எவனும் காப்பி ஆறுவதற்குள் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. செத்துப்போன அப்பன் போனில் பேசி வீட்டை விற்கச் சொன்னான். வாய் திறக்காத பெண்ணின் குரல் பஞ்சாயத்தில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னது. கையெழுத்தை அதற்கு முன்பே யாரும் நம்புவதில்லை. கடைசியில், மின்சாரம் தொட்ட எந்தக் குரலையும் காதில் வாங்குவதில்லை என்று நீதிமன்றங்கள் கையை உதறிவிட்டன. மிஞ்சியது மெழுகு.

மின்சாரத்துக்கு முந்திய காலத்துப் பெட்டி. அதில் ஒரு புது மெழுகு உருளை. குழலின் முன் மனிதன் வாயைத் திறந்து பேசினால், காற்று தகட்டை அசைக்கும், தகடு ஊசியை அசைக்கும், ஊசி மெழுகைக் கீறும். இடையில் எதுவும் இல்லை. அறையில் இருப்பவர் ஒவ்வொருவரும் முதலில் தன் ஊரையும் பெயரையும் குழலில் சொல்லவேண்டும். பிறகு சொல்ல வந்தவர் சொல்லலாம். அன்றைக்கே உருளைக்கு முத்திரை வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பைத்தியக்காரச் சேகரிப்பு என்று ஊர் சிரித்த வீடுகள் சாட்சி வீடுகள் ஆயின. மூன்று தாலுகாவின் தத்துகளும் கல்யாணச் சம்மதங்களும் பாகப்பிரிவினைகளும் வடக்குவீட்டுக் குழலில் விழுந்தவை.

சட்டத்தில் ஒரு கொடிய வரியும் இருந்தது. ஒரு குழல் ஒரே ஒரு பொய்யைப் பதிந்தாலும், அது அதுவரை பதிந்த அத்தனையும் பொய்.

“அத்தை, நான் உங்க வீட்டக் குத்தம் சொல்ல வரல்ல,” என்று தொடங்கினாள் செண்பகவடிவு. மஸ்கட்டிலிருந்து வந்திருந்தவள், புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

“வேற எப்படிச் சொல்லுவ?” என்றாள் உலகம்மாள். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயதிலும் அவள் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. “குழல் பொய் சொல்லிச்சுன்னா வீடு பொய் சொல்லிச்சுன்னுதான் அர்த்தம். பயப்படாமச் சொல்லு. உங்கப்பா எனக்கு அண்ணாச்சி. அவரு மக முனங்கப்பிடாது.”

“இந்த உருளை பதிஞ்ச வாரம் அப்பாவுக்குப் பேச்சே இல்லன்னு, வீட்டுக்கு வந்து பாத்த நர்ஸ் சொல்லுதா. பேச்சு இல்லாதவரு எப்படி வீட்ட நயினாருக்குன்னு சொல்லுவாரு?”

“பேச்சு எந்த நாளு நின்னுச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று நயினார் பாய்ந்தான். “நாலு வருசமா மாமாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனவன் நான். நீ வீடியோவுல கை ஆட்டுன. செத்த பொறவுதான் ஒனக்கு ஊருக்கு வழி தெரிஞ்சுது.”

“ஏலே நயினார், இது சந்தைக்கடை இல்ல,” என்றாள் உலகம்மாள். அவன் அடங்கினான்.

ஜெபக்கனி தன் காகிதத்தை விரித்தாள். நாகர்கோவில்காரி, அளந்து பேசுபவள். “அம்மா, எங்க பரிசோதனை முடிஞ்சுது. பொய்க்குரல்னா அது ஒரு ஒலிபெருக்கி வழியாத்தான் குழலுக்குள்ள போகணும். ஒலிபெருக்கி சத்தம் போடும், மூச்சு விடாது. மனுஷன் வாயிலேருந்து வர்ற ஈரக்காத்து மெழுகுல தனியா ஒரு அழுத்தம் கொடுக்கும். இந்த உருளையில அது முழுக்க இருக்கு. குரலும் பிள்ளையோட பழைய உருளையோட ஒத்துப்போகுது. உண்மையச் சொன்னா, இவ்வளவு சுத்தமான பதிவ நான் பாத்ததே இல்ல. இருந்தாலும், குழலோட சொந்தக்காரர் முன்னால நேரடியா ஒரு தடவ கேக்கணும்னு இவங்க மனு போட்டிருக்காங்க. அவ்வளவுதான்.”

திரவியம் தூணோரம் நின்றான். பிள்ளையின் வீட்டுக்குக் குழலைச் சுமந்து போய்ப் பதிந்து, அன்று மாலையே ஒப்படைத்தவன் அவன். உலகம்மாள் அந்த உருளையை இதுவரை கேட்டதில்லை. ‘சுத்தமான பதிவு’ என்றதும் அவள் தாடை பெருமையில் ஒரு நூல் உயர்ந்தது. வளர்ப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

முத்திரையை உடைத்து, இரண்டு விரலை உள்ளே விரித்து, மேற்பரப்பில் கை படாமல் உருளையை எடுத்து மாட்டினாள். சாவி கொடுத்தாள். ஊசியை இறக்கினாள்.

வறுகடலை பொரிவதுபோல முதலில் கரகரப்பு. பிறகு கிழவரின் குரல், இழுத்து இழுத்து: “பாளையங்கோட்டை... பிரமநாயகம் பிள்ளை.” அடுத்து, இளைய குரல்: “பாளையங்கோட்டை, வடக்குவீட்டுத் திரவியம்.” பிறகு மறுபடி கிழவர்: “படித்துறைத் தெரு வீட்ட... என் தங்கச்சி பையன் நயினாருக்கு...”

செண்பகவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் குரல்தான். சந்தேகப்பட்டு வந்தவளின் தோள் குலுங்கியது.

உலகம்மாளின் கை சாவியைவிட்டு அகலவில்லை.

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிக்கும் முன்பு குழல் முன் நிற்கக் கற்பிப்பார்கள். அப்பா ஒரு அகல்விளக்கை உதட்டுக்கு நேரே பிடிப்பார். ‘பாப்பா, பழம், பம்பரம்’ என்று சொல்லவேண்டும், சுடர் ஆடக்கூடாது. ஆடினால் உச்சந்தலையில் ஒரு குட்டு. ‘ப’ வரும்போது தலையை இடதுபக்கம் நெல்லளவு திருப்பி, மூச்சைக் குழலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று தகட்டில் மோதி ஊசி மெழுகைக் குதறிவிடும். கேட்கும்போது ‘டப்’ என்று வெடிக்கும். அந்த வெடிப்புக்கு வடக்குவீட்டில் ‘முட்டு’ என்று பெயர். வெளியாட்கள் எல்லோரும் முட்டுவார்கள். அழகான உருளையில் விழும் அந்தக் கறைகளைக் கேட்டு உலகம்மாள் எத்தனையோ முறை முகம் சுளித்திருக்கிறாள்.

பிரமநாயகம் பிள்ளை முட்டவில்லை. பாளையங்கோட்டையில் முட்டவில்லை, தன் பெயரில் முட்டவில்லை, படித்துறையில் முட்டவில்லை, பையனில் முட்டவில்லை. வாய் கோணிப் படுக்கையில் கிடந்த மனிதர் ஒவ்வொரு ‘ப’வுக்கும் நெல்லளவு தலை திருப்பியிருக்கிறார்.

திரவியம் வாலிபத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் மேடையேறி ஊர்ப் பெரியவர்களைப்போல் எல்லாம் பேசிக் காட்டுவான். பிரமநாயகம் பிள்ளையே விழுந்து விழுந்து சிரித்ததுண்டு. யந்திரம் செய்யும் பொய்யைப் பிடிக்க உலகமே பெட்டி பெட்டியாகக் கருவி செய்து வைத்திருந்தது. மனிதன் செய்யும் பொய்யை எல்லோரும் மறந்து போயிருந்தார்கள்.

உருளை முடிந்தது. ஜெபக்கனி பேனாவைத் திறந்தாள். “சந்தேகம் தீந்துதாம்மா? மனுவத் தள்ளிரலாமா?”

“பொறுங்க,” என்றாள் உலகம்மாள். “உங்க மிஷினு கேட்டப்ப, முட்டக் கழிச்சிட்டுத்தான கேட்டுது?”

“முட்டுன்னா?”

“டப்பு டப்புன்னு வெடிக்குமே.”

“ஓ, அதுவா. அது பதிவுல வர்ற அழுக்கும்மா. மிஷின் முதல்ல அத வழிச்சு எடுத்துட்டுத்தான் குரலப் படிக்கும்.”

“எல்லா உருளையிலயுமா?”

“எல்லாத்துலயும். இதுல வழிக்க வேண்டிய அழுக்கே இல்ல. அதத்தான் சுத்தம்னேன்.”

உலகம்மாள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு புது உருளையை எடுத்தாள். கீறும் ஊசியை மாட்டினாள். “எல்லாரும் ஒருக்க வந்து பேசுங்க. ‘பாளையங்கோட்டை படித்துறைப் பாதை’ன்னு சொன்னாப் போதும். முதல்ல நயினார் வா.”

“எதுக்குக்கா இப்ப இதெல்லாம்?” என்றான் திரவியம். குரல் சற்று உயர்ந்திருந்தது. “அவங்களுக்குக் கோர்ட்டுல வேலை இருக்கும்லா.”

“இருக்கட்டும். கோர்ட்டு ஓடிப் போயிராது.”

நயினார் குழலுக்குள் தலையையே விட்டுவிடுவான்போல நின்று கத்தினான். “மெதுவாப் பேசுடே, குழலுக்குக் காது கேக்கும்,” என்றாள் உலகம்மாள். செண்பகவடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஜெபக்கனி, தேவாலயத்தில் வேதம் வாசிப்பவளைப்போல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறகு உலகம்மாள் சொன்னாள்.

“ஏலே திரவியம். நீயி.”

“நான் என்னத்துக்கு?”

“வாலே.”

அவன் வந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே மூச்சை முட்டவிட்டுப் பேசிவிட அவனால் முடியும். எந்த மனிதனைப்போலவும் பேசத் தெரிந்தவன். ஆனால் அக்கா எதிரில் நின்றாள். அப்பாவைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “பாளையங்கோட்டை,” என்றான். தலை தானாக நெல்லளவு இடதுபக்கம் திரும்பியது. அதற்குமேல் சொல்லாமல் அவன் பின்வாங்கினான்.

உருளையை ஓடவிட்டாள். நயினார் குரல் பூசணிக்காயைத் தரையில் போட்டாற்போல வெடித்தது, அவனே திடுக்கிட்டான். செண்பகவடிவு வெடித்தாள். வேதம் வாசித்த ஜெபக்கனியும் வெடித்தாள். “ஐயோ” என்று சிரித்தாள். அடுத்து உலகம்மாள், பளிங்குபோல. அடுத்து திரவியத்தின் ஒற்றைச் சொல், அதேபோல.

ஜெபக்கனியின் சிரிப்பு நின்றது. சாட்சி உருளையைப் பார்த்தாள். திரவியத்தைப் பார்த்தாள்.

“எந்தம்பி பேசியிருக்கான்,” என்றாள் உலகம்மாள். “ரெண்டு குரலும் அவன் குரலுதான். எழுதிக்கிடுங்க.”

நயினார்தான் முதலில் வாய் திறந்தான். “அப்பம் மாமா எனக்குத் தரலியா?” அவன் கேட்டது சின்னப்பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

“தந்தாருடே!” திரவியம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “என் காதுல சொன்னாரு. ‘குழலக் கொண்டா, நயினாருக்கு வீட்டச் சொல்லணும்’னாரு. அன்னைக்குக் குழலு சங்கரன்கோவில் கல்யாணத்துக்குப் போயிருந்துது. மறுநாக் காலையில கொண்டுட்டுப் போறேன், நீ மருந்து வாங்கப் போயிருக்க, அவரு வாய் இழுத்துக் கெடக்காரு. என்னையே பாத்தாரு. அந்தப் பார்வைய நீங்க யாரும் பாக்கல. அவரு சொன்னதத்தான் சொன்னேன். ஒரு சொல்லு கூட்டல.”

“அப்பம் நான் கேட்டது யாரு குரலு?” என்றாள் செண்பகவடிவு. மெல்லத்தான் கேட்டாள். “அப்பா கடைசியாப் பேசுனதுன்னு கோர்ட்டுல கொடுத்த நகல நான் தெனமும் போட்டுக் கேட்டேன் சித்தப்பா. வீட்ட எனக்கு இல்லன்னு சொல்லுத குரல. பொய்யின்னு மனுவும் போட்டேன், கேட்டு அழுவவும் செஞ்சேன். நான் அழுதது ஒங்களுக்கா?”

திரவியம் முகத்தைத் தூணில் சாய்த்துக்கொண்டான்.

ஜெபக்கனி பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்தாள். “அம்மா, ஒண்ணு சொல்றேன். நீங்க சொன்னத நான் எழுதினா இந்தக் குழல் பதிஞ்சது எல்லாம் ரத்து. சங்கரன்கோவில் கல்யாணம் ரத்து. தத்து எடுத்த பிள்ளைங்க, இனி யாருக்கும் பிள்ளை இல்ல. செத்தவங்க திரும்பி வந்து இன்னொரு குழல்ல பேச மாட்டாங்க. எழுதலன்னா...” அவள் சுற்றிலும் பார்த்தாள். “மிஷின் சரின்னு சொல்லியாச்சு. பிள்ளை மனசுல இருந்ததும் அதுதான்னு உங்க தம்பி சொல்றார்.”

“அக்கா, யோசிக்கா,” என்றான் திரவியம். “எனக்காக இல்ல. ஊருக்காக. வீட்டுப் பேருக்காக.”

“வீட்டுப் பேரா?” உலகம்மாள் திரும்பினாள். “மூணு தாலுகாக்காரன் இங்க வந்து இந்தக் குழல் முன்னால நிக்கான்னா, நம்ம மூஞ்சிக்காகவா நிக்கான்? தான் பேசுனதத் தவிர வேற எதுவும் இதுல ஏறாதுன்னுதான நிக்கான். பிரமநாயக அண்ணாச்சி நெஞ்சுல இருந்தது நெசமாவே இருக்கட்டும். அத அவருதான் சொல்லணும். சொல்ல முடியலன்னா அது சொல்லாமப் போனது. நெறைய பேருக்கு அப்படித்தான் போவுது. நீ அவரு வாய்க்குள்ள பூந்து பேச ஒனக்கு யாருலே அதிகாரம் தந்தா? இன்னைக்கு நல்லதுக்குப் பேசுவ. நாளைக்கு?”



அவள் ஜெபக்கனியிடம் வந்து நின்றாள். “நீங்க எழுதுங்க. அதுகூட நான் சொல்லுததையும் எழுதுங்க. எங்க குழல்ல விழுந்த உருளை எல்லாம் உங்க ரெக்கார்டு ரூம்புல இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்து, வழிக்காம கேளுங்க. வெளியாளு பேசுனா முட்டும். முட்டுனது அவனவன் வாயாலயே சொன்னது. திரவியமும் பேசல, நானும் பேசல. முட்டாதது எதுவோ அத மட்டும் தள்ளுங்க.”

“சட்டத்துல அப்படி இல்லம்மா. ஒரு பொய்னா எல்லாம் பொய்.”

“முட்டுன்னு ஒண்ணு உண்டுன்னு தெரியாதவன் எழுதுன சட்டம். ஜட்ஜய்யாகிட்ட நான் வந்து சொல்லுதேன். குழலத்தான தண்டிக்கணும்? இந்தா, எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்கே போங்க. ஆனா ஊரான் மூச்சு உங்க ரூம்புல இருக்கு. அதக் கேக்காமப் பொய்யின்னு சொன்னீங்கன்னா, பொய் சொல்லுதது நீங்க, என் குழல் இல்ல.”

ஜெபக்கனி பேனாவைத் திறந்து எழுதினாள்.

குழலைப் பெட்டியிலிருந்து கழற்றித் துணி சுற்றியவள் உலகம்மாள்தான். ஜெபக்கனி வரவழைத்த போலீஸ்காரரைத் தொட விடவில்லை. வண்டிவரை தானே சுமந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. அவள் யாரையும் பார்க்கவுமில்லை, யாருக்கும் முகத்தை மறைக்கவுமில்லை. அவளுக்குப் பின்னால் திரவியம் நடந்து போய் அதே வண்டியில் ஏறினான்.

வழக்கு இழுத்தது. சங்கரன்கோவில் பெண்ணின் மாமனார் வீட்டார், குழல் செல்லாது, கல்யாணமும் செல்லாது என்று ஒரு கோடை முழுக்க அவளைப் பிறந்தகத்தில் விட்டுவைத்தார்கள். தத்துப் பிள்ளை ஒருவனைப் பங்காளிகள் வீட்டைவிட்டு இறக்கினார்கள். அவர்கள் எல்லோரும் வடக்குவீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். உலகம்மாள் கதவைச் சாத்தவில்லை. தூற்றி முடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தாள். உருளையைக் கழிக்காமல் கேட்கவேண்டும் என்று ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனி மனுப் போட வைத்தாள். கூண்டில் ஏறி நின்று, அகல்விளக்கை உதட்டுக்கு நேரே பிடித்து, நீதிபதிக்கு ‘பாப்பா, பழம், பம்பரம்’ சொல்லிக் காட்டினாள். அரசு வக்கீலைச் சொல்லச் சொன்னாள். அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

கடைசியில் நீதிமன்றம் உட்கார்ந்து கேட்டது. டப், டப் என்று ஊரான் மூச்செல்லாம் வெடித்தது. சங்கரன்கோவில் பெண் தன் வீட்டுக்குப் போனாள். தத்துப் பிள்ளை தன் வீட்டில் ஏறினான். பிரமநாயகம் பிள்ளையின் உருளை தள்ளுபடி ஆகி, படித்துறைத் தெரு வீடு செண்பகவடிவுக்கு வந்தது. பொய் உருளையைச் சீவி அழிக்கப் போகிறார்கள், அதற்குமுன் ஒருமுறை கேட்க வேண்டுமா என்று அவளைக் கேட்டார்கள். “சீவட்டும்,” என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மஸ்கட் போனாள். நயினார் இப்போது சந்திப் பிள்ளையார் பக்கம் வாடகைக்கு இருக்கிறான். உலகம்மாளைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறான். அதில் அவள் குற்றம் காணவில்லை.

பிரமநாயகம் பிள்ளையுடையது தவிர முட்டாத உருளைகள் இன்னும் சில இருந்தன. எல்லாம் வடக்குவீட்டார் பேசியவை. அவற்றில் ஒன்று அப்பாவுடையது. வீடும் சேகரிப்பும் பிரிக்கப்படாமல் மூத்தவள் உலகம்மாளுக்கே போகவேண்டும், திரவியத்துக்குப் பொறுமை போதாது என்று அவர் கடைசிக் காலத்தில் சொல்லிவைத்த உருளை. குழல் முன் பேசிக் கைதேர்ந்தவர், ஒரு துளி கறை இல்லாமல் பேசியிருந்தார். சந்தேகத்துக்குரியது என்று அதையும் தள்ளினார்கள். சட்டப்படி எல்லாம் இரண்டு பங்காயிற்று. சிறையிலிருந்த தம்பியின் பங்கை அவன் மனைவி வந்து கேட்டாள். குழல்களையும் ஊசி டப்பாக்களையும் தகரப் பலகைகளையும் உலகம்மாளே பாதியாகப் பிரித்து, எது எந்த ஊரில் வாங்கியது என்று சொல்லிச் சொல்லி வண்டியில் ஏற்றினாள். அவை விலையாகிப் பம்பாய்க்குப் போயின. வீட்டின் நடுவே இப்போது ஒரு சுவர் நிற்கிறது.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாவம் உலகம்மாள், அவசரத்தில் வாயைத் திறந்துவிட்டாள், அப்பாவுடைய உருளையும் அதே சல்லடையில் சிக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள் என்று.

அது தவறு. அப்பா அந்த உருளையில் பேசியபோது எதிரே நின்று சாவி கொடுத்தவள் அவள். அவர் எந்த இடத்திலும் முட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும்.